விட்டுக்கொடுத்தல்: இறுக்கம் தளர்ந்து தாராளமாக வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீடு, கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை என்று 22 ஆண்டுகள் பினாங்குப் பாலத்தின் மேல் காலையும் மாலையும் ஊர்ந்தவன் நான். 1985இல் திறக்கப்பட்ட அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் எந்த இடத்தில் வண்டிகள் நிற்கும், எந்த இடத்தில் மீண்டும் நகரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் தாடை என்ன செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. ஒருநாள் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் பல் மருத்துவரிடம் போனேன். அவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பல்லின் மேற்பரப்பைக் காட்டினார். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய பல், கொத்தாமல் விட்ட அம்மியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் காலை, பாலத்தின் நடுவில், முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தபோதுதான் விழித்திருக்கும்போதே கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை யாரோ பிடுங்க வருவதைப் போலப் பற்றியிருந்தன.

அதே வாரத்தில் என் தம்பி நான்கு முறை அழைத்தான். நான்கு முறையும் நான் கைப்பேசியை எடுக்கவில்லை. அவன் என்ன கேட்கப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். தேய்ந்த பல்லும் எடுக்காத கைப்பேசியும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று புரிய எனக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. ஆனால் தமிழ்மொழிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. மனம் கெட்டிப்பட்டால் மன இறுக்கம் என்கிறோம். கொடுக்க மனம் வராவிட்டால் கையிறுக்கம் என்கிறோம். இரண்டுக்கும் மாற்றாக நாம் சொல்லும் சொல்லோ விட்டுக்கொடுத்தல். அந்தச் சொல்லில் ‘விடு’ முன்னால் நிற்கிறது, ‘கொடு’ பின்னால் வருகிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையையே பின்பற்றுகிறது. தாராளமாக இருக்கப் பழகினால் இறுக்கம் தானாகக் குறையும் என்று சொல்பவர்கள் உண்டு; என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. இறுகிய உடம்போடு கொடுத்தவன் கொடுத்ததையே இரவெல்லாம் எண்ணிக்கொண்டு படுத்திருப்பான். அதனால் முதலில் உடம்பு, பிறகு நேரம், அதன்பின் நாக்கு, கை, வாசல் என்று போவோம். முழுவதையும் பழக ஏறத்தாழ மூன்று மாதம் தேவைப்படும். அதில் பாதி முதல் இரண்டு படிகளுக்கே ஆகிவிடும்.

முதல் படி: எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்ப்பது

சட்டைப்பையில் அடங்கும் சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், நாளுக்கு மூன்று வேளை, அதாவது காலையில் பசியாறுவதற்கு முன்பும், வேலைக்கு நடுவிலும், இரவு படுக்கும் முன்பும், நான்கு இடங்களைக் கவனித்து எழுதுங்கள்: தாடை, தோள், கை, வயிறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இறுக்கம்’ அல்லது ‘தளர்வு’ என்ற ஒரு சொல் போதும். பக்கத்தில், அந்த நேரத்தில் உங்கள் கண்ணெதிரே என்ன இருந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். இந்த ஒரு வாரத்தில் எதையும் சரிசெய்ய முயல வேண்டாம். பார்த்த உடனே தளர்த்திவிட்டால், அது எப்போது, எதற்காக இறுகுகிறது என்ற செய்தி கைநழுவிப் போய்விடும்.

தாடையைப் பற்றி ஓர் அளவுகோல் தெரிந்திருக்க வேண்டும். மென்று விழுங்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடத் தேவையில்லை. உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்க, நாக்கின் நுனி மேல்முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே அண்ணத்தில் படிந்திருப்பதே தாடை ஓய்வாக இருக்கும் நிலை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் சேர்ந்திருந்தால், நோட்டில் முதல் வரியை இப்போதே எழுதலாம். தோளுக்கு அளவுகோல் காது: காதுமடலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தூரம் காலையில் இருந்ததைவிட மாலையில் குறைந்திருக்கும். வயிற்றைப் பொறுத்தவரை, அதை உள்ளிழுத்துப் பிடித்திருக்கிறோமா என்று பார்த்தால் போதும்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபத்து என்று மூளை முடிவுசெய்த சில நொடிகளில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் மந்தமாகிறது, பெரிய தசைகள் ஓடவோ அடிக்கவோ ஆயத்தமாகின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கிய ஏற்பாடு இது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு வருகிறது. அது கூடுதல் நேரம் தங்குகிறது. பால்மரக் காட்டில் பாம்பைக் கண்ட நம் தாத்தாக்கள் ஓடினார்கள், ஓடி முடித்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள், உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பியது. இரவு 11 மணிக்கு மேலாளரிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் செய்திக்கு யாரும் எழுந்து ஓடுவதில்லை. ஆயத்தமான தசை ஆயத்தமாகவே கிடக்கிறது, அதுதான் இறுக்கம்.

என் நோட்டில் நான் எதிர்பார்த்தது பாலத்து நெரிசல். அது இருந்தது. ஆனால் வயிற்றுக்கு எதிரே ‘இறுக்கம்’ என்று எழுதிய ஐந்து இடங்களில் மூன்றில், கண்ணெதிரே இருந்தது கைப்பேசித் திரையில் தம்பியின் பெயர்.

இரண்டாம் படி: உடம்பைத் தளர்த்துவது

‘ரிலாக்ஸ் பண்ணுங்க’ என்று சொன்னால் யாருக்கும் தளர்வதில்லை; பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இறுகத்தான் செய்கிறது. இதை முறையாக ஆராய்ந்தவர் சிகாகோவில் பணியாற்றிய மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். தம் முறையை அவர் 1929இல் வெளியிட்டார். ஒரு தசை இறுகியிருப்பதே தெரியாதவனால் அதைத் தளர்த்த முடியாது; ஆகவே முதலில் வேண்டுமென்றே இறுக்கு, இறுக்கம் எப்படி இருக்கும் என்று உணர், பிறகு விடு என்பதே அவரது அடிப்படை. இன்று பரவலாகச் சொல்லித்தரப்படுவது அதன் சுருக்கிய வடிவம்.

செய்யும் விதம் இது. நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், அல்லது பாயில் படுத்துக்கொள்ளுங்கள். வலது கையை முட்டியாக மடக்கி, முக்கால் பங்கு பலத்தில் ஐந்து முதல் ஏழு நொடி வரை பிடியுங்கள். பிறகு சட்டென்று விட்டுவிடுங்கள். மெல்ல மெல்ல விடக்கூடாது, கையிலிருந்த பை அறுந்து விழுவதைப் போல விட வேண்டும். அடுத்த 20 முதல் 30 நொடி வரை வேறொன்றும் செய்யாமல், இறுக்கிப் பிடித்த கைக்கும் விட்ட கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். விரல்களில் இளஞ்சூடு பரவுவதும், கை கனத்துப் போவதும் பலருக்குத் தெரியும். பயன் இந்த 30 நொடியில்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் இறுக்குவதை ஒழுங்காகச் செய்துவிட்டு இதைத் தாண்டிப் போவார்கள். நானும் முதல் பத்து நாள் அப்படித்தான் செய்தேன், ஒரு பலனும் இல்லை. வலது கைக்குப் பின் இடது கை, மேற்கைகள், நெற்றி, கண்கள், தாடை, தோள்கள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று கீழே வாருங்கள். தோளை இறுக்குவது என்றால் காதைத் தொடுமளவு தூக்குவது. தாடையை இறுக்குவது என்றால் பற்களை மிதமாகச் சேர்ப்பது. முழுச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அடிபட்ட இடத்தையும் அறுவை செய்த இடத்தையும் இறுக்க வேண்டாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். எவரும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது.

மூச்சுக்கு வருவோம். தமிழில் நாம் மூச்சு ‘விடுகிறோம்’. இழுப்பதும் சேர்ந்த ஒரு செயலுக்கு விடுவதன் பெயரையே வைத்திருக்கிறோம். ‘மூச்சுவிட நேரமில்லை’ என்கிறோமே தவிர, மூச்சிழுக்க நேரமில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. உடலியலும் இதற்கு ஒத்துவருகிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, நாம் மூச்சை வெளியே விடும்போது இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது. உள்ளே இழுக்கும்போது அந்தப் பிடி தளர்ந்து துடிப்பு சற்றுக் கூடுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் சிலருக்கு இது கையிலேயே தெரியும். ஆகவே விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீண்டிருக்க வேண்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால், ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஆழமாக இழுக்க முயல்வதுதான் அதற்குக் காரணமாக இருக்கும். ஆழம் தேவையில்லை, மெதுவாக இருந்தால் போதும்.

உட்கார்ந்து செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பினாங்கின் தண்ணீர்மலை இருக்கிறது. அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஏறும் 513 படிகளை, விடியலில் வெயில் ஏறுமுன், இரண்டு படிக்கு மூச்சிழுத்து மூன்று படிக்கு மூச்சு விட்டு ஏறிப் பாருங்கள். முதல் நூறு படிக்குள் கணக்குத் தவறும். தவறினால் நின்று, தோளை இறக்கிவிட்டு, மறுபடி தொடங்கலாம். மேலே போய்ச் சேரும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்கிறவர்களை நான் அங்கே நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு மலை உடற்பயிற்சிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

மூன்றாம் படி: நேரத்தை நெகிழ்த்துவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்.

1973இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறித்துவ இறையியல் மாணவர் நாற்பது பேரை ஒவ்வொருவராக அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். சிலர் பேச வேண்டிய பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில், ஒரு வாசலில், ஓர் ஆள் குனிந்து சரிந்து இருமிக்கொண்டு கிடந்தார். அவரை அங்கே உட்கார வைத்ததே ஆய்வாளர்கள்தாம். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

நான் இதைப் படித்தபோது வெட்கத்தைவிட நிம்மதியே மிகுதியாக வந்தது. பாலத்தில் குறுக்கே நுழையும் வண்டிக்கு வழிவிடாத நான் கெட்டவனாக இருக்கத் தேவையில்லை. தாமதமாகப் புறப்பட்டவனாக இருந்தாலே போதும். குணத்தைத் திருத்துவது கடினம். புறப்படும் நேரத்தைத் திருத்துவது எளிது.

ஆகவே, வழக்கமாகப் புறப்படும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். அந்த இருபது நிமிடத்தை வேறு வேலையால் நிரப்பாதீர்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே கால்மணி நேரம் வெறுமையாக விடுங்கள். புலனக் குழுக்களின் ஒலியை நிறுத்திவிட்டு, நாளுக்கு இரண்டு முறை நீங்களாகத் திறந்து பாருங்கள். குடும்பத்தின் நல்லது கெட்டதை யாரும் குழுவில் மட்டும் சொல்லிவிட்டு நிற்பதில்லை, அழைப்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய நாள்முதல் பினாங்குத் தமிழர்களில் பல குடும்பங்கள் ஷிப்ட் முறையிலேயே வாழ்ந்து வருகின்றன. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு இந்த இருபது நிமிடம் காலையில் கிடைக்காது. அவர்கள் தொழிற்சாலை வாசலிலேயே, வண்டியை எடுப்பதற்கு முன், ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சியோடு அதை வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தைக் குறைத்து நேரம் சேர்க்க வேண்டாம். அது கடன் வாங்கித் தருமம் செய்வதைப் போன்றது.

நான்காம் படி: மனம் விட்டுப் பேசுவது

திறந்த மனம் என்றால் கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்வது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அதனால்தான் சரி சொல்ல முடியாத ஆளிடம் பேசாமலே இருந்தேன். என் தம்பி புதிதாக ஒரு லோரி எடுக்க வங்கியில் கடன் கேட்டிருந்தான். பிணைக் கையெழுத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பிணை என்பது வெறும் கையெழுத்து அன்று. வாங்கியவர் கட்டத் தவறினால் வங்கி பிணை நின்றவரிடம் வரும். மகளின் படிப்புச் செலவு முன்னால் நிற்கும்போது என்னால் அது இயலாது. அதைச் சொல்ல வாய் வராமல் எட்டு மாதம் கைப்பேசியைத் திருப்பி வைத்தேன்.

இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்கே போனேன். வண்டியை நிறுத்திவிட்டு ஆறு மூச்சு விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். அவன் கேட்டைத் திறந்துகொண்டே, “வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?” என்றான். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: “தம்பி, கையெழுத்து என்னால போட முடியாது. ரெண்டாயிரம் வெள்ளி கொண்டு வந்திருக்கேன். இது கடன் இல்ல, திருப்பித் தர வேணாம்.” அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதுக்குத்தானா போன் எடுக்காம இருந்தீங்க? அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பார்த்திருப்பேனே” என்றான். அவன் முகத்தில் கோபத்தைவிட வியப்பே தெரிந்தது. எட்டு மாதமாக நான் அவனிடமிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது பணத்தை அன்று, ஒரு ‘முடியாது’ என்ற சொல்லை.

இந்தப் படியைச் செய்யும் முறை எளிது, செய்வது கடினம். உங்கள் நோட்டில் வயிறு இறுகிய இடங்களில் எந்த மனிதரின் பெயர் அடிக்கடி வருகிறதோ, அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘நீ எப்போதும்’, ‘நீ ஒருபோதும்’ என்று தொடங்கினால் அது குற்றச்சாட்டு. அதை அடித்துவிட்டு, ‘என்னால்’ என்று தொடங்கும் வாக்கியமாக மாற்றுங்கள். நேரில் சொல்லுங்கள். புலனத்தில் எழுதினால் குரல் போய்ச் சேராது, நீல நிறக் குறி மட்டுமே போய்ச் சேரும். சொல்லி முடித்தபின் விளக்கம் சேர்க்காமல் காத்திருங்கள்; அவர் பதில் சொல்லும்போது உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது கேட்பதாகாது.

ஐந்தாம் படி: கையைத் திறப்பது

கொடுப்பதால் கொடுப்பவருக்கு என்ன ஆகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. கனடாவில் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட அந்த ஆய்வில், சிலருக்குக் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, பாதிப்பேரைத் தமக்காகவும் மீதிப்பேரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்; தொகை ஐந்தா இருபதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் நம்பி யாரும் சொத்தை எழுதிவைக்க வேண்டாம். ஆனால் சிறு தொகையில் தொடங்கலாம் என்பதற்கு அது போதும்.

நம் பாட்டிமார்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. உலையில் போடும் முன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் அது கோயிலுக்கோ இல்லாதவருக்கோ போகும். பிடியரிசி என்பார்கள். வணிகம் செய்த நகரத்தார் வருமானத்தில் ஒரு பங்கை மகமை என்று தருமத்துக்கு முதலிலேயே ஒதுக்கினார்கள். இரண்டிலும் உள்ள நுட்பம் ஒன்றே: கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை ஒருமுறைதான் எடுக்கிறோம். எதிரே கை நீட்டும் ஒவ்வொருவரிடமும் அந்த முடிவைப் புதிதாக எடுப்பவனுக்குத்தான் தோள் இறுகுகிறது. எனவே சம்பளம் வந்த அன்றே, உறுத்தாத ஒரு தொகையை, நூறு வெள்ளியோ பத்து வெள்ளியோ, தனி உறையில் போட்டுவிடுங்கள். அது இனி உங்கள் பணம் அன்று; உறையில் இருக்கும் வரை கொடுக்கலாம், தீர்ந்துவிட்டால் இந்த மாதம் தீர்ந்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம்.

எதைக் கொடுத்தல் என்று சொல்வது என்பதில் திருவள்ளுவர் கறாரானவர். ஊரோடு ஒத்து வாழ்ந்து பகிர்வதற்கு ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், இல்லாதவருக்குத் தருவதற்கு ஈகை என்று அடுத்த அதிகாரமுமாக இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறார். திரும்பி வரும் என்று அளந்து கொடுப்பதற்கு அவர் பயன்படுத்தும் சொல் குறியெதிர்ப்பை. திருமண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையருகே நின்று, அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள் என்று மனைவியிடம் கிசுகிசுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. மொய் தவறன்று; அது ஒரு நல்ல சேமிப்பு முறை. அதைத் தாராளம் என்று மட்டும் கணக்கில் எழுத வேண்டாம்.

கணக்கில்லாமல் கொடுப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் நடந்து பாருங்கள். வரிசை வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோரும் பானகமும் சோறும் நீட்டும் கைகள் யாரிடம் நீட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை. தேருக்கு முன் தேங்காய் உடைக்கச் சீனர்களும் திரளாக வருகிறார்கள். ரமலான் மாதத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் மாலைதோறும் நோன்புக் கஞ்சி வழங்கப்படுகிறது. பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவரை எந்த மதம் என்று கேட்பதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒருநாள் நின்று கரண்டி பிடித்துப் பாருங்கள். பணம் கொடுப்பதைவிட இது உடம்பை நன்றாகத் தளர்த்துகிறது என்பது என் கணிப்பு. இரண்டு மணி நேரம் ஊற்றி ஊற்றித் தோள் வலித்தாலும் அது வேறு வகை வலி.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கடனில் இருப்பவர் கடனைக் கட்டாமல் கொடுப்பது தாராளம் ஆகாது. கடன் கழுத்தை நெரித்தால், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. உரிமமின்றிக் கடுவட்டிக்குக் கடன் தரும் ஆலோங்கிடம் போவதற்கு முன் அங்கே போங்கள். அப்படிப்பட்ட காலத்தில் நேரத்தையும் உழைப்பையும் கொடுக்கலாம்.

ஆறாம் படி: வாசலைத் திறப்பதும், வாங்கிக்கொள்ளக் கற்பதும்

தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும் நாட்டில் வாழ்கிறோம். ஆனாலும் மற்ற 364 நாளும் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் இரும்புக் கேட்டுகளில் இரண்டு பூட்டுத் தொங்குகின்றன. பூட்டைக் கழற்றச் சொல்லவில்லை, திருட்டுப் பயம் உண்மையானது. மாதம் ஒருமுறை, பண்டிகை எதுவும் இல்லாத நாளில், ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பழகுங்கள். வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு அழைக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை இரண்டாகப் பிரித்தால் போதும். பலகாரம் நான்கு வகை இல்லையே என்று பதறுபவருக்கு அந்த வருகை விருந்தாகாது, தேர்வாகிவிடும்.

இதைவிடக் கடினமானது வாங்கிக்கொள்வது. எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். அவர்கள் வழக்கத்தில் பழம் இரட்டையாகவே வரும். பதிலுக்கு இரண்டு பழம் கொடுத்தனுப்ப வேண்டும். நான் முன்பெல்லாம் வாங்கிய கையோடு ஒரு பெரிய பையைத் திணித்துவிடுவேன், கடன்பட்டுவிடக் கூடாது என்று. கொடுப்பவர் முகத்தில் ஒரு நிழல் விழுவதைப் பல ஆண்டு கவனிக்கவில்லை. இப்போது இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, வழக்கப்படி இரண்டே பழம் கொடுக்கிறேன். முறுக்கு வைத்த தட்டு தீபாவளிக்குத்தான் அவர் வீட்டுக்குப் போகிறது. அவர் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை. இதுவும் குறியெதிர்ப்பைதானே என்று மகள் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றுதான் நினைக்கிறேன்; இங்கே இருவருமே அளப்பதில்லை, தட்டு காலியாகப் போகக் கூடாது என்பது மட்டுமே கணக்கு.

தளராத இறுக்கம்

இத்தனையும் செய்தும் தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வராமல் போனாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே உள்ளது. அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள். மனம் பாரமாகி யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது.

பயிற்சி தவறிப்போகும் நாட்கள் வரும். எனக்கு மாதத்தில் ஏழெட்டு நாள் தவறுகிறது. அப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு குறைந்த அளவை வைத்திருக்கிறேன். பாலத்தில் ஏறியதும் பற்களைப் பிரித்து வைப்பது, ஒரு நீண்ட மூச்சை விடுவது, பக்கத்துத் தடத்திலிருந்து உள்ளே வரத் துடிக்கும் ஒரு வண்டிக்கு வழிவிடுவது. சிலர் கண்ணாடியை இறக்கிக் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், பலர் காட்டமாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் இரவு நோட்டில் ஒரே வரிதான்: ‘பாலம், மாலை 6.40, ஒரு வண்டி, கை தளர்வு.’